வேடப்பெட்டி வைப்பது எப்படி?

பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றதும் வாடகைக் கடைக்கு ஓடுகிறோம். ஜிகினா வைத்த கிருஷ்ணர் உடை அரிக்கிறது என்று பிள்ளை அழும். மாலைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வீட்டு விளையாட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதிலேயே காலி டம்ளரில் காபி குடித்துக் காட்டுகிற பிள்ளைக்குப் பாதிப் பொருள் போதும். மீதியை அதுவே வைத்துக்கொள்ளும்.

முதலில், கைக்கு எட்டும் இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி. பீரோ மேல் ஏற்றினால் அது உங்கள் பெட்டி. அதில் இரண்டு துண்டு, பழைய துப்பட்டா, வில்லை கழற்றிய மூக்குக்கண்ணாடி, அப்பாவின் வெள்ளைச் சட்டை. சட்டையின் கையை மடித்துத் தைத்தால் டாக்டர் கோட்டு. துண்டு தலைக்கு ஏறினால் பாரதியார், முதுகில் தொங்கினால் சூப்பர்மேன். ஆனால் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். ஜன்னல் கொக்கியில் மாட்டினால் இறுக்கிவிடும். இரு தோளிலும் வெல்க்ரோ தைத்து ஒட்டினால், இழுத்ததும் கழன்றுவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் கழன்று விழக்கூடிய மணி, பொத்தான் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது.

அடுத்து கிரீடம். முற்றிய பலா இலை பத்துப் பதினைந்து பறித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி, ஒன்றின் பாதியை அடுத்தது மறைக்கும்படி அடுக்கி, அடிப்பக்கத்தில் ஈர்க்குச்சியைத் தையல்போல உள்ளே விட்டு வெளியே எடுங்கள். முனை வெளிப்பக்கம் வரட்டும். ஒட்ட ஒடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நெற்றியில் குத்தும். தலையில் சுற்றி அளவு பார்த்த பிறகே கடைசி இலையைக் கோக்க வேண்டும். பலா மரம் இல்லாத தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கிறது. அந்தத் தங்க நிறப் பிள்ளையாருக்கு ராஜ களை உண்டு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதிச் சாமானை ஒளித்துவைத்து மாற்றிப் போடுங்கள். பழைய துண்டும் புதிதாகிவிடும்.

எங்கள் வீட்டில் எல்லா வேடத்தையும் தோற்கடித்தது கண்டக்டர்தான். தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை, ரப்பர் பேண்ட் போட்ட காலண்டர் தாள், ஒரு விசில், வரிசையாக நாலு நாற்காலி. “உள்ள போங்க, படியில நிக்காதீங்க!” பெரியவர்கள் பயணியாக ஏறலாம், கதையைத் திருத்தக் கூடாது. “தாம்பரம் ஒண்ணு” என்றேன். “இது ஊட்டி போய்த்தான் தாம்பரம் போகும்” என்றாள் மகள். அப்படி ஒரு ரூட்டே கிடையாதே என்று வாய்விட்டேன்.

“அப்ப எறங்குங்க சார்” என்று விசிலடித்துவிட்டாள்.