800 நம்பர் பேப்பரைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஐயா, ஏழு வருஷம் ஓடிய கருநீலக் கார் ஒன்றை வாங்கினேன். தினமும் போர் தண்ணீரில்தான் கழுவுகிறேன். பானெட் முழுக்க வளையம் வளையமாக வெள்ளைக் கறை. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள். இடது கதவில் யாரோ சாவியால் இழுத்த கோடு. கூரையின் பின் ஓரத்தில் தோல் உரிகிற மாதிரி வெள்ளையாக உரிகிறது. டிங்கரிங் வேலை தெரிந்த என் மச்சான், “800 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு மொத்தமாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் ஷோரூம் வண்டிதான்” என்கிறார். செய்யலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: மச்சானிடமிருந்து அந்தப் பேப்பரை முதலில் வாங்கி வையுங்கள். அவர் தொழில் தெரியாதவர் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு பெயின்ட் காலத்து ஆட்கள், அவ்வளவுதான்.

1920களில் அமெரிக்காவின் ட்யூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த லேக்கர் பெயின்ட்டின் பெயர் டூகோ. நம்மூரில் மர பீரோவுக்கு ஸ்பிரே அடிப்பவர்கள்கூட இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அம்பாசிடருக்கு அந்த வகை லேக்கர் அடித்த காலத்தில், தேய்த்தால்தான் பளபளப்பே வரும். தேய்க்கும்போது தண்ணீரில் வண்டியின் நிறமே கரைந்து ஓடும். யாரும் பதற மாட்டார்கள். மேலிருந்து அடிவரை ஒரே நிறம்தானே.

உங்கள் வண்டியில் நிறம் தனி, பளபளப்பு தனி. மெல்லிய நீல அடுக்கு கீழே. அதன் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். கம்பெனியில் அடித்த கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நாளிதழ்த் தாள் ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் இருக்கும் என்றால், இது எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள். 800 நம்பர் பேப்பர் என்பது புது பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போடுவது. அது போடும் கோட்டை எடுக்கவே கிளியரில் பெரும்பங்கு போய்விடும்.

நம் மாவட்டத்தில் கிரானைட் பட்டறை பார்க்காதவர் குறைவு. அங்கேயும் இதே கணக்குதான்: கரகரப்பான கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக நைசுக்குப் போவார்கள். ஆனால் பலகையை எவ்வளவு தேய்த்தாலும் அடியில் அதே கல்தான் வரும். கார் அப்படியல்ல. ஊறும் கிணறு இல்லை இது. குடத்துத் தண்ணீர், எடுத்தது எடுத்ததுதான். போதாததற்கு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்வதும் இந்த அடுக்குதான். மெலிந்துவிட்டதா இல்லையா என்று தேய்த்த அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று சித்திரை தாண்டிய பிறகு பானெட்டே சொல்லும்.

வளையக் கறைக்குப் பேப்பரே வேண்டாம். நம் போர் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லைத்தான் கெடுக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காரில் படிவது கால்சியமும் மக்னீசியமும். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியால் ஒரு நிமிஷம் ஒற்றி, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். பாதிக்கு மேல் போய்விடும். போகாதது கிளியரையே அரித்த வடு. அதைப் பாலிஷ்தான் எடுக்கும்.

சிலந்தி வலை உங்கள் கையாலேயே வந்தது என்றால் கோபிக்காதீர்கள். ஜல்லி லாரியும் கல் லாரியும் கிளப்பும் தூசியில் குவார்ட்ஸ் உண்டு. காலையில் காய்ந்த துணியால் ‘லேசாக’த் துடைத்தாலும் அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்கிறது. முதலில் தண்ணீரால் தூசியை ஓட விடுங்கள், பிறகு ஷாம்பு, கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஈரம் எடுங்கள். இருக்கிற வலைக்கு நைசான பாலிஷை முதலில் போட்டுப் பாருங்கள். தீரவில்லை என்றால் மட்டும் காம்பவுண்ட். பஃபிங் மிஷின் என்றால், சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மிஷின்தான் புதுக் கைக்கு நல்லது. வெறுமனே சுற்றுகிற மிஷின் ஒரே இடத்தில் நின்றால் சூட்டிலேயே பெயின்ட் போய்விடும், பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் சீக்கிரம்.

பேப்பருக்கு வேலை இருந்தால் அந்தக் கதவுக் கோட்டில்தான். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கினால் ஆழம் அதிகம், பேப்பரை மறந்துவிடுங்கள். டச்சப் வைத்து அதோடு வாழப் பழகலாம். வழுக்கிப் போனால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பத்து நிமிஷம் ஊற வைத்து, மெத்தென்ற ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, கோட்டின் மேல் மட்டும், அழுத்தாமல், ஒரே திசையில் சில இழுப்பு. துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். சுற்றிலும் மங்கி, கோடு மட்டும் மினுங்கினால் பள்ளம் இன்னும் இருக்கிறது. முழுதாகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். முக்கால் போனால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு 3000, அதன் பிறகு காம்பவுண்ட், பாலிஷ். கதவின் மடிப்பிலும் விளிம்பிலும் பெயின்ட் எப்போதும் மெலிசு, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஓடும் தண்ணீர் பால் மாதிரி இருக்கும்வரை பயமில்லை. நீலம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

பழைய வண்டி என்பதால் ஏற்கெனவே எந்தப் பாகமாவது மறுபடி அடிக்கப்பட்டிருக்கலாம். பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் சில பட்டறைகளில் உண்டு. அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியரைத் தனியாகக் காட்டாது. ஆனாலும் நான்கு கதவையும் பார்த்து ஒன்று மட்டும் எக்கச்சக்கமாக ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கூரை? அங்கே கிளியர் செத்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதை ஒட்ட வைக்காது, தேய்த்தால் உரிசல்தான் பெரிதாகும். கூரையை மட்டும் அடிக்கக் கொடுங்கள். மச்சானின் 800 நம்பர் பேப்பருக்கு அங்கே வேலை இருக்கிறது.