கரியும் மின்சேமிப்பும்

எம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கிரபீன் பற்றிக் கட்டுரை எழுதி, மொழி திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தான். மின்வாயின் மேற்பரப்பு மிகுந்தால் மின்சேமிப்பும் மிகும் என்பது அவன் முடிபு. தமிழாசிரியராகிய நாம் அதனை விஞ்ஞான ஆசிரியரிடங் காட்டினோம். பிழை மொழியிலன்று, பொருளிலே என்றார் அவர். அவர்பாற் கேட்டறிந்ததை ஈண்டுத் தருகின்றோம்.

மின்கலத்துள் மின் புகுதற்கும் வெளிப்படுதற்கும் வாயிலாய் நிற்பது மின்வாய். இலிதிய அயன் மின்கலத்தின் ஒரு மின்வாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆயது. காரீயத்திற் காபன் அணுக்கள் அறுகோண வலைத் தாள்களாய் அடுக்கப்பட்டுள்ளன. தாள்களின் இடைத்தூரம் ஏறத்தாழ 0.335 நனோமீற்றர். மின்னேற்றும்போது இலிதியம் அவ்விடைவெளிகளிற் புகுந்து தங்கும். ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலிதியம் என்பது அதன் நிறைவளவு. ஈண்டுச் சேமிப்பிடம் உள்ளிடமேயன்றி மேற்பரப்பன்று.

மீகொள்ளளவி எனப்படும் கருவி இதனின் வேறானது. அதில் அயன்கள் மேற்பரப்பையே சார்ந்து நிற்கும். ஆதலின் விரைந்து மின்னேறும். எனினும் மின்கலத்தினுங் குறைவாகவே சேமிக்கும். சிரட்டைக் கரியிலிருந்து ஆக்கப்படும் நுண்டுளைக் கரி இதற்கு உகந்தது. அதன் ஒரு கிராமின் பரப்பு 1,000 சதுர மீற்றரைக் கடப்பதுண்டு.

2004ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்ம், நொவொசெலோவ் என்போர் ஒட்டுநாடாவினாற் காரீயத்தை உரித்து, ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்தமையை வெளியிட்டனர். 2010இல் நோபெல் பரிசு பெற்றனர். அத்தாளே கிரபீன். கணக்கின்படி ஒரு கிராம் கிரபீனின் பரப்பு, இருபுறமுஞ் சேர்த்து, 2,630 சதுர மீற்றர். ஆயினும் உலர்த்தும்போது தாள்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும், பரப்புங் குறையும். அதனைத் தடுக்கவே காபன் நனோக்குழாய்களை இடையிடுகின்றனர்.

இன்னுமொன்று. இலிதிய மின்கலத்தை முதன்முறை மின்னேற்றுகையில் மின்வாயின்மேல் ஒரு மென்படலம் உண்டாகி, இலிதியத்திற் சிறுபங்கை உண்டுவிடும். பரப்பு மிகுந்தால் அவ்விழப்பும் மிகும். எனவே மீகொள்ளளவிக்கு வரமாவது மின்கலத்துக்குக் குறையாகின்றது.

போகலையிலும் ககட்டககவிலும் அகழப்பட்ட காரீயமும், எம் வளவுத் தென்னையின் சிரட்டைக் கரியும் காபனே. அணுக்கள் அமைந்த முறையே அவற்றின் பயனை வேறுபடுத்துகின்றது.

மாணவன் கட்டுரையைத் திருப்பி எழுதினான். இம்முறை அதன் முதல் வரி ஒரு வினாவாயிருந்தது: "அயன் எங்கே தங்குகின்றது?" அதில் நாம் திருத்துதற்கு ஒன்றுமிருக்கவில்லை.