விண்வெளியில் நாடி பார்த்தல்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துள்ளார். இந்நான்கும் ஓரிடத்திற் கூடாவிடின் யாது செய்வது? விண்வெளிப் பயணம் எழுப்பும் வினா இதுவே. பெரகலச் சந்திக்கு மேலும் கீழுமாய்ப் பரந்த தோட்டங்களில் வாழும் நமக்கு இது புதிய வினா அன்று. நோயாளி லயத்திலும் மருத்துவர் தொலைவிலுமாகக் கழிந்த இரவுகளை நாம் அறிவோம்.

1961 ஏப்பிரல் 12 ஆம் நாள் யூரி ககாரின் மேற்கொண்ட 108 நிமிடப் பயணத்திலேயே இதற்கு விடை தேடப்பட்டது. அவருடலிற் பொருத்திய மின்வாய்கள், இதயம் துடிக்குந்தோறும் எழும் நுண்ணிய மின்மாற்றத்தைப் பற்றின. வானொலி அலைகள் அதனைத் தரைக்குக் கொணர்ந்தன. கை தொடாமலே நாடி பார்க்கப்பட்டது.

1984 ஏப்பிரலில் இந்தியரான ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார். எடையின்மையைத் தாங்க யோகப் பயிற்சி உதவுமா என்பதும் அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. அப்போது ஒலெக் அத்கோவ் என்னும் இதய மருத்துவரும் அங்கிருந்தார். ஆயின், எல்லாப் பயணங்களிலும் மருத்துவர் உடன்செல்வதில்லை.

2020 இல் வெளியான மருத்துவக் கட்டுரையொன்று இதனை நன்கு விளக்குகின்றது. எடையற்ற நிலையிற் குருதி தலைப்புறம் பெயரும். அதனை ஆராயுங்கால், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இரண்டு மாதமளவு தங்கியிருந்த ஒருவரின் கழுத்து நாளத்திற் குருதிக்கட்டி காணப்பட்டது. காட்டிக்கொடுத்தது, செவிக்கெட்டா ஒலியின் எதிரொலியாற் படம் வரையும் ஸ்கேன் கருவி. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கீழிருந்து மருத்துவர்கள் வழிகாட்ட, அவரே கருவியைக் கழுத்தில் வைத்துத் தொடர்ந்து படமெடுத்தார். கலத்திலிருந்த ஊசிமருந்து முதலில் உதவியது. பின்னர்ச் சரக்குக்கலம் மாத்திரை கொணர்ந்தது. அவர் நலமுடன் மீண்டார்.

இங்கே நோயாளியே பேணுபவருமானார். கருவி மருத்துவருக்கு ஈடாகவில்லை. மருத்துவரின் கண்ணையும் செவியையும் அவரிடம் கொண்டுசேர்த்தது. அதனைப் பிழையறக் கையாளவும், கண்டதைக் கண்டவாறு சொல்லவும் பயின்ற ஒருவர் அருகிருந்தமையாலேயே அஃது இயன்றது.

மாணவர்காள்! வெப்பமானியும் குருதியமுக்கமானியும் இன்று நம் வீடுகளுக்கும் வரக்கூடியன. அவற்றைப் படித்து, அளவைக் குறித்து, தொலைபேசியில் மருத்துவருக்குத் தெளிவுறச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவர் வந்துசேரும்வரை நம் லயத்து நோயாளிக்கு அந்நான்காம் துணையாக நிற்கவேண்டியவர் நீங்களே.