வாவியிலும் கடலிலும் நீந்துதல்: அமைதியாகத் தெரியும் நீர்

மாணவர்களே, மட்டக்களப்பில் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் கரையில் வளர்ந்த, நன்கு நீந்தக்கூடியவர்களுக்கும் ஆபத்து நேரலாம். "அலையில்லாத இடமே பாதுகாப்பானது" என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாகும். அது தவறானது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

1. வாவி
இங்கு அலை குறைவு. எனினும் கலங்கிய நீரில் ஆழமும் அடியிலுள்ள சேறு, மரக்குற்றி, வலை என்பனவும் தெரிவதில்லை. எனவே பாலத்திலிருந்தோ தோணியிலிருந்தோ தலைகீழாகப் பாய்தல் கூடாது. முதலை நடமாட்டம் பற்றி உள்ளூர் மீனவரிடம் கேட்டறிந்த பின்னரே இறங்க வேண்டும்.

2. முகத்துவாரம்
பாலமீன்மடுவில் வாவி கடலுடன் சேர்கின்றது. வரட்சிக் காலத்தில் மணல் திட்டு இவ்வாயை அடைப்பதுண்டு. வடகீழ்ப் பருவமழையின்போது வாய் திறந்ததும் வெள்ளநீர் கடலை நோக்கி விரைந்து பாயும். மேற்பரப்பு சீராகத் தெரிந்தாலும் அவ்விடத்தில் நீந்தக் கூடாது.

3. கடல்
பாசிக்குடா ஆழங்குறைந்த குடா. கல்லடிக் கரை திறந்த கடலை நோக்கியது. திறந்த கரையில் அலைகள் கொண்டுவரும் நீர் ஒடுங்கிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். இதுவே இழுவை நீரோட்டம். அவ்வழியில் அலைகள் குறைவாகவே உடைவதால் அது அமைதியான இடம்போலத் தோன்றும்.

உதாரணம்: 100 மீற்றரை 125 செக்கனில் நீந்துபவரின் கதி செக்கனுக்கு 0.8 மீற்றர். நீரோட்டத்தின் கதி செக்கனுக்கு 1 மீற்றர் எனக் கொள்வோம். அவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் ஒவ்வொரு செக்கனும் 0.2 மீற்றர் பின்தள்ளப்படுவார். 5 நிமிடத்தில் களைத்துப்போய், 60 மீற்றர் அப்பால் இருப்பார். கரைக்குச் சமாந்தரமாக நீந்தினாலோ, 24 மீற்றர் அகலமான நீரோட்டத்தைக்கூட 30 செக்கனில் கடந்துவிடுவார். அதன் பின்னர் கரை சேரலாம்.

மாதிரி வினா
உமது நண்பர் நீரில் தத்தளிக்கின்றார். நீர் செய்ய வேண்டியவை யாவை?

விடை
• உரத்துக் கூவி பெரியவர்களை அழைத்தல்.
• நீரில் குதிக்காது கயிறு, நீண்ட தடி, மூடிய வெற்றுக் கலன் என்பவற்றுள் ஒன்றை அவருக்கு எட்டச் செய்தல்.
• 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் பெறுதல்.
• கரை சேர்த்தபின் சுவாசம் இல்லையெனின், பயிற்சி பெற்றவர் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் வழங்குதல்.

நினைவிற் கொள்க: காப்பாற்றக் குதித்தவரும் மூழ்குவதுண்டு. இரண்டாவது விடையைப் பரீட்சைக்காக மட்டும் மனனஞ் செய்யாதீர்கள்.