முகம் வேண்டுமா, நாள் வேண்டுமா?

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். டீக்கடை ஓரம் தோளில் பையோடு பத்துப் பேர் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பார்கள். படத்தில் வரும் கல்யாண வீட்டுக் கூட்டம், கோர்ட் வாசல் கூட்டம், ஐடி கேன்டீன் கூட்டம் எல்லாம் இவர்கள்தான். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். இந்த வேலைக்கு வர நினைத்தால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு முகம் வேண்டுமா, நாள் வேண்டுமா?

1. புதியவர்கள் ஹீரோவின் தோளுக்குப் பின்னால் இடம் பிடிக்க முண்டியடிப்பார்கள். முகம் பளிச்சென்று ஃபிரேமில் விழுந்துவிட்டால் அந்தப் படத்தில் நீங்கள் அந்த ஆள்தான். காலையில் பேங்க் கஸ்டமராக வந்தவரை மாலையில் ஆஸ்பத்திரி பெட்டில் படுக்கவைக்க முடியாது. "முகம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இவர் வேண்டாம்" என்பார் அசிஸ்டென்ட் டைரக்டர். ஓரமாக, அவுட் ஆஃப் ஃபோகஸில் நின்றவருக்கு அதே படத்தில் இன்னும் சில நாள் வேலை கிடைக்கும். வாடகை கட்டுவதுதான் குறி என்றால் ஓரம் போங்கள்.

நடிகராவதுதான் குறியா? முன்னால் நில்லுங்கள், நாள் குறையும் என்று தெரிந்தே நில்லுங்கள். 2004-ல் வந்த 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'யில் விஜய் சேதுபதி கூட்டத்தில் ஒருவர். அவர் கதாநாயகனாக நடித்த 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது 2010-ல். நடுவில் ஆறு வருடம். அத்தனை நாள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்று யோசித்துவிட்டு முகம் கேளுங்கள்.

சீரியல் கணக்கு நேர்மாறு. சீரியல் கல்யாணம் லேசில் முடியாது. முதல் நாள் முன்வரிசையில் உட்கார்ந்த பெரியம்மா தாலி கட்டும்வரை அதே புடவையில் வந்தாக வேண்டும். அங்கே முன்வரிசைக்கு அடித்துப் பிடித்தே போகலாம்.

2. செட் பாஷை பழகுங்கள். 'மானிட்டர்' என்றால் ஒத்திகை. 'பாசிங்' என்றால் ஃபிரேமுக்குள் குறுக்கே நடந்து போவது. 'கேமரா லுக்' என்றால் நீங்கள் லென்ஸைப் பார்த்துத் தொலைத்துவிட்டீர்கள், டேக் போச்சு என்று அர்த்தம். இதை இரண்டு முறை செய்தவரை மூன்றாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

3. கண்டினியூட்டிதான் உங்கள் டிகிரி. டீக்கடை சீன் என்று வையுங்கள். வைட் ஷாட்டில் வலது கையில் கிளாஸ், பாதி டீ. லைட் மாற்றி க்ளோஸப் வைக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் டீயைக் குடித்து முடித்து, இடது கையில் காலி கிளாஸோடு நிற்பார் ஒருவர். ஹீரோ எந்த வசனத்தில் திரும்பும்போது நான் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனேன் என்று கேட்டதும் சொல்பவர் இன்னொருவர். அடுத்த ஷெட்யூலில் யாருக்கு போன் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல் பட்டன் திறந்திருந்ததா, வாட்ச் எந்தக் கையில் என்பதையெல்லாம் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். செட்டில் செல்ஃபி எடுத்து வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். லுக் லீக் ஆனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

4. பையில் மூன்று செட் டிரஸ் இருக்கட்டும். லோகோ, நெருக்கமான கோடு, பளீர் வெள்ளை மூன்றும் வேண்டாம். லைவ் சவுண்ட் என்றால் கொலுசையும் டக்டக் செருப்பையும் கழற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசுவதை வீட்டுக் கண்ணாடி முன் பழகுங்கள். பலருக்கு அதுவே வராது.

5. பணம். வேனில் ஏறும் முன்பே ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள்: கையில் எவ்வளவு, அவர் கமிஷன் எவ்வளவு, கால்ஷீட் தாண்டினால் எவ்வளவு, ராத்திரி வேன் உண்டா? சான்ஸுக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் சங்க கார்டு வேண்டுமென்றால் நேராகச் சங்க அலுவலகம் போய் விசாரியுங்கள், இடையில் ஆள் வேண்டாம். ஷூட்டிங் அல்லாத இடத்துக்கு, 'டைரக்டரைப் பார்க்க' என்று பெண்களைத் தனியாகக் கூப்பிட்டால் போக வேண்டாம்.

பேக்கப் சொன்னதும் வேனுக்கு ஓடாதீர்கள். காஸ்ட்யூமைத் திருப்பிக் கொடுங்கள். வவுச்சரில் எழுதிய தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கிளம்பும் முன் அசிஸ்டென்ட் டைரக்டரிடம் ஒரு வார்த்தை: "நாளைக்கு எனக்கு கண்டினியூட்டி இருக்கா சார்?"