பாமினிப் பதிவேட்டை யுனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மென்பொருள் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கரையோரத்தில் பஞ்சமில்லை. இருந்தும் பல ஊர்களில் பள்ளிவாசல் குடும்பப் பதிவேடும் சங்க உறுப்பினர் பட்டியலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகளாகவே கிடக்கின்றன. யுனிகோடை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எல்.எஸ். 1326 நியமம் 2008இலேயே வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட நியாயமில்லை. அப்படியொரு பதிவேட்டைத் தேடக்கூடிய, வரிசைப்படுத்தக்கூடிய தரவுத்தளமாக மாற்ற விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது, உள்ளே ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குப்பைதான் தெரியும். யுனிகோடில் தமிழுக்கென்றே 2944 முதல் 3071 வரை தனி எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘த’ என்றால் எந்த நாட்டுக் கணினியிலும் 2980தான்.

முதலில் மூலக் கோப்பைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மாற்றும் வேலையெல்லாம் பிரதியில்தான் நடக்க வேண்டும். பிறகு, எந்தப் பகுதி பாமினி, எந்தப் பகுதி சாதாரண ஆங்கிலம் என்று எழுத்துருப் பெயரை வைத்துப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் நிற்கும் வி ‘ஏ’ ஆகிவிடும், எக்ஸ் ‘ஓ’ ஆகிவிடும்.

மாற்றியை நீங்களே எழுதுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். யுனிகோடில் அவை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். ‘கொ’ அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள், ‘கெ’ போன்ற குட்டையானவற்றை அதற்குப் பிறகு. வரிசை பிசகினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும்.

பாமினியில் தட்டிப் பழகியவர்கள் ‘ர்’ எழுத, ரகரத்தை விட்டுவிட்டுத் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைப்பது வழக்கம். ‘ரி’க்கும் அப்படியே, காலும் விசிறியும். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. யுனிகோடுக்கு வந்த பிறகும் பல எழுத்துருக்களில் ‘அவா்கள்’ என்பது ‘அவர்கள்’ போலவே தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. திருத்துவது சுலபம். துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ தமிழில் எங்குமே வராது. எனவே அந்த மூன்று சேர்க்கைகளையும் கண்ட இடத்திலெல்லாம் ர், ரி, ரீ என்று மாற்றிவிடலாம். ‘கௌ’ வர வேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் இருப்பதை மட்டும் இப்படிக் கண்மூடி மாற்றாதீர்கள், ‘கெளுத்தி’ மீன் ‘கௌுத்தி’ ஆகிவிடும். அவற்றைப் பட்டியலிட்டு மனிதக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது என்.எஃப்.சி. என்ற சீராக்கம். ‘கொ’வை க, 3018 என்றும் வைக்கலாம், க, 3014, 3006 என்றும் வைக்கலாம். இரண்டும் செல்லுபடியானவை, கணினிக்கு மட்டும் வெவ்வேறு. பைதானின் யுனிகோட்டேட்டா கூறு ஒரே வரியில் இரண்டையும் ஒன்றாக்கித் தரும். சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடல் பெட்டியில் தட்டுவதற்கும் செய்யுங்கள்.

தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 தெரிவு செய்யுங்கள். ‘ஒலுவில்’ நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறியீடு, சேமிப்பில் 21 பைட். பெயர்ப் புலத்துக்கு இடம் ஒதுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் சேர்ப்பதானால், தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான். ‘ஒலுவில்’ என்று இடைவெளியில்லாமல் 10 தடவை எழுதினால் நிரம்பிவிடும். பெயர் சரியா என்று சோதிக்கும் நிரலில் பைதானின் வழக்கமான ‘சொல் எழுத்து’ அடையாளத்தை நம்பாதீர்கள். அது புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை.

நம்மூர்ப் பெயர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. றிஸ்வான், ரிஸ்வான், முஹம்மது, முகம்மது, ஃபாத்திமா, பாத்திமா. ஒரே குடும்பத்தில்கூட இரண்டு விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் தேடலுக்கென்று ஒரு மறைவான புலம் வையுங்கள். அதில் றகரத்தை ரகரமாக்கி, ஹகரத்தைக் ககரமாக்கி, ஆய்தத்தை நீக்கி எழுதிவையுங்கள். தேடுகிறவர் தட்டுவதையும் அதே விதிப்படி மாற்றி ஒப்பிட்டால் மூன்று சோடியும் சேர்ந்துவிடும்.

வரிசைப்படுத்தும்போது குறியீட்டு எண்ணை நம்பினால் ஜகரப் பெயர்கள் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். றகரம் லகரத்துக்கு முன்னால் வரும். ஐசியூ நிரலகத்தைத் தமிழுக்கு அமைத்துப் பயன்படுத்துங்கள், அகராதி வரிசை கிடைக்கும். எக்செலுக்குக் கோப்பு கொடுப்பதென்றால் யுடிஎஃப்-8உடன் பிஓஎம் சேர்த்துச் சேமியுங்கள். பிடிஎஃப் எடுக்கும் சில நிரலகங்களுக்குக் கொம்பை முன்னால் கொண்டுபோகத் தெரியாது. ‘செயலாளர்’, ‘கொழும்பு’ இரண்டையும் அச்சிட்டுப் பார்த்த பிறகே எதைப் பயன்படுத்துவது என்று முடிவெடுங்கள்.

மாற்றிய பட்டியலை நிருவாகத்திடம் ஒப்படைக்குமுன், ஊரை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பெயர் பெயராகப் படித்துச் சரிபாருங்கள். தட்டச்சு செய்கிறவருடைய கணினியில் எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையை நிறுவிக் கொடுங்கள். புதிதாகச் சேரும் எந்தப் பெயரும் இனிப் பாமினியில் பதிவாக விடாதீர்கள்.