பழைய வைத்தியரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்

மருத்துவ வரலாறு எழுத வரும் பிள்ளைகள் பலர் 1800-க்கும் 1840-க்கும் இடைப்பட்ட ஐரோப்பாவைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். அட்டை, கத்தி, பாதரசம், பிணத் திருட்டு என்று கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடக்கிறது. இந்த வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சில சொல்கிறேன்.

1. முதலில் சிரிப்பை அடக்குங்கள். ரத்தம் வடித்தவர்களெல்லாம் முட்டாள்கள் என்று தீர்மானித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட உருப்படியாக வராது. காய்ச்சலில் கொதிக்கிறவனின் முழங்கை மடிப்பில் ரத்தக்குழாயைக் கீறி ஒரு கிண்ணம் ரத்தம் எடுத்தால் என்ன ஆகும்? முகத்தின் சிவப்பு வடியும். துள்ளிய நாடி தளரும். உடம்பு வியர்க்கும், பிதற்றல் அடங்கும். கட்டில் ஓரத்தில் நிற்கும் மனைவிக்கும் அது தெரியும், வைத்தியருக்கும் தெரியும். கலோமல் என்ற பாதரச மருந்தும் அப்படித்தான். எச்சில் ஊறி ஒழுகத் தொடங்கினால் மருந்து ‘பிடித்துவிட்டது’ என்று நம்பினார்கள். அது நஞ்சேறியதற்கான அடையாளம் என்பது நமக்குத் தெரிகிறது. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்கள். சிக்கலே அங்கேதான் இருந்தது.

2. இன்றைய நோய்ப் பெயரை அன்றைய நோயாளியின் தலையில் கட்டாதீர்கள். காய்ச்சல் அன்று அறிகுறி அல்ல, அதுவே நோய். டைபாய்டையும் டைபஸையும் பிலடெல்பியாவில் கெர்ஹார்ட் தெளிவாகப் பிரித்துக் காட்டியதே 1837-இல்தான். அதற்கு முந்தைய மருத்துவமனைப் பதிவு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ‘இது டைபாய்டு’ என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

3. எண்ணத் தொடங்கிய இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். பாரிஸில் புரூஸே என்ற ராணுவ மருத்துவர், அநேகமாக எல்லா நோய்க்கும் வேர் இரைப்பையிலும் குடலிலும் உள்ள அழற்சிதான் என்றார். வயிற்றில் அட்டை விடுவது நாகரிகமாகிப்போனது. 1833-இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேல் அட்டைகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தது. அதே ஊரில் பியேர் லூயி என்பவர் சத்தமில்லாமல் நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமோனியா கண்ட 77 பேர். நோயின் முதல் நான்கு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட 36 பேரில் இறந்தவர்கள் 9 பேர். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற பழைய நம்பிக்கை இதில் ஆட்டம் கண்டது.

உடனே கைதட்டிவிடாதீர்கள். 77 பேருக்குமே ரத்தம் எடுக்கப்பட்டது. எடுக்காமல் விட்ட கூட்டம் ஒன்று அந்தக் கணக்கில் இல்லை. யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று சீட்டுக் குலுக்கியும் பிரிக்கவில்லை. சீக்கிரம் எடுத்தவர்களுக்குப் பிழைத்தால் நோய் சுமார் மூன்று நாள் முன்னதாகவே முடிந்தது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. லூயியே ரத்தம் எடுப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. நினைத்த அளவு பலன் இல்லை என்றுதான் சொன்னார். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

4. நோயைக் கண்டுபிடிப்பது வேறு, குணமாக்குவது வேறு. 1816-இல் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக், இதய நோய் கண்ட ஒரு பெண்ணின் மார்பில் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். பிறகு அது மரக்குழலாயிற்று, அதுதான் ஸ்டெதஸ்கோப். 1819-இல் நூலும் வந்தது. நுரையீரலில் எந்த இடத்தில் காசநோய் குழி பறித்திருக்கிறது என்று உயிரோடு இருப்பவரிடமே அதனால் சொல்ல முடிந்தது. ஆனால் மருந்து? ஒன்றுமில்லை. லென்னெக்கே 1826-இல் காசநோயில்தான் போனார்.

5. அந்த அறிவுக்கு யார் உடம்பு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். குழலில் கேட்ட ஓசைக்குப் பொருள் தெரிந்தது, செத்தபின் அறுத்துப் பார்த்ததால். அறுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைகள். எடின்பரோவில் பர்க், ஹேர் இருவரும் 1828-இல் 16 பேரைக் கொன்று உடற்கூறு ஆசிரியருக்கு விற்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். பிரிட்டனின் 1832-ஆம் ஆண்டு உடற்கூறுச் சட்டம் ஏழைகள் விடுதியில் யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டதை எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

6. வைத்தியர் எழுதியதை மட்டும் படிக்காதீர்கள். நாவலாசிரியை பிரான்சிஸ் பர்னி 1811-இல் பாரிஸில் மார்பை அறுத்தெடுத்த சிகிச்சையைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. குடிக்கக் கிடைத்தது ஒயின் கலந்த பானம்தான். அதை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதம் ஆயிற்று. அதன் பிறகு 1840 வரை வாழ்ந்தார். அறுவைக் குறிப்புகளை எத்தனை புரட்டினாலும் அந்தக் கடிதம் தருவது கிடைக்காது.

7. அம்மை குத்தும் முறை ‘பரவியது’ என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள். ஜென்னரின் அம்மைப்பால் புட்டியில் அடைத்துத் தூரதேசம் போகும் சரக்கல்ல, வெயிலில் கெட்டுவிடும். ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். 1803-இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் காலனிகளுக்கு அது போனது 22 அனாதைச் சிறுவர்களின் கைகளில். பாக்தாத், பஸ்ரா வழியாக வந்து 1802 ஜூனில் பம்பாயில் முதலில் பலித்தது, அன்னா என்ற மூன்று வயதுக் குழந்தையிடம்.

8. தோற்ற முறைகளைத் தவறு என்று ஒதுக்காதீர்கள். 1832-இல் வாந்திபேதியில் உடம்பின் நீரெல்லாம் வற்றிக் கிடந்தவர்களுக்கு, ஸ்காட்லாந்தில் லாட்டா ரத்தக்குழாய் வழியே உப்புநீர் ஏற்றினார். செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பேசினார்கள். சிலர் மறுபடி சரிந்தார்கள். கைவிடப்பட்டவர்களுக்கே கொடுத்ததால் சாவும் அதிகம். முறையும் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டது. இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் ஏற்றுவது அதைத்தான்.

9. நம் ஊருக்கும் வாருங்கள். சென்னையில் இருந்த ஐன்ஸ்லி 1813-இல் நம் கடைச்சரக்கு மருந்துகளையெல்லாம் தொகுத்து அச்சிட்டார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் நம் வைத்திய முறைகளையும் ஐரோப்பிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களோடு, சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. லூயி எண்ணிக்கொண்டிருந்த அதே காலம்தான். ஆனால் அரண்மனை ஆவணங்களில் பெரும்பகுதி, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. பாரிஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களில் நான்கு பேராவது மோடி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.